அளக்காமல் விட்ட வோல்டேஜ்

சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காபித் தோட்டத்துக்கு ஆறு கம்ப விளக்குகள் போட்டுக் கொடுத்தேன். சோலாரில் ஓடுபவை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து களத்துக்கு இறங்கும் கற்படிப் பாதைக்காகப் போட்டவை. அந்த விளக்குகள் கெட்டதற்கு நான் காரணம். ஒரு பெண் இருட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததற்கும், சேலத்தில் ஒரு கடைப் பையன் வேலை இழந்ததற்கும் நானே காரணம். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சிலரிடம் பாதி சொன்னேன். எனக்குச் சாதகமான பாதி.

எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதனால் அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்இடிக்கு வோல்டேஜை நேராகக் கொடுக்கக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் கரன்ட் தாறுமாறாக ஏறும். எல்இடி கருகிவிடும். கரன்ட்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அதுதான் கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர். நான் போட்டது பிடி4115 என்ற ஐசி. ஐந்து கால் உள்ள, விலை மலிவான ஐசி. கரன்ட் போகும் வழியில் சென்ஸ் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். அதன் இரு முனைக்கும் நடுவே சராசரியாக 0.1 வோல்ட் நிற்கும்படி ஐசி தன் ஸ்விட்சைத் திறந்து திறந்து மூடும். 0.1ஐ அந்த ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் கரன்ட் வந்துவிடும். நான் 0.3 ஓம் போட்டேன். 333 மில்லி ஆம்பியர். ஒரு வாட் எல்இடிக்கு வழக்கமான உச்ச அளவு 350. இதுவரை கணக்கில் தவறில்லை.

ஆனால் இந்த ஐசிக்கு வோல்டேஜைக் குறைக்கத்தான் தெரியும். கூட்டத் தெரியாது. வரிசையாக மூன்று எல்இடி கோத்திருந்தேன். மூன்றுக்கும் சேர்த்து 10 வோல்ட் வேண்டும். ஐசியின் ஸ்விட்ச், காயில், சென்ஸ் ரெசிஸ்டர் மூன்றும் சேர்ந்து அரை வோல்ட் தின்னும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் கெடாமலிருக்க முன்னால் ஒரு டையோடு பிரிட்ஜ் வைத்திருந்தேன். அது முக்கால் வோல்ட் தின்னும். ஆக விளக்கின் வாசலில் பதினொன்றேகால் வோல்ட்டாவது வந்து நின்றால்தான் ஐசி சொன்ன சொல்லைக் காப்பாற்றும். அதற்குக் கீழே போனால் ஸ்விட்ச் மூடியபடியே நிற்கும். கிடைத்த கரன்ட் ஓடும். 12 வோல்ட் பேட்டரியை நம்பி இவ்வளவு நெருக்கமாகக் கட்டியதே முதல் பிழை. அதை அன்றைக்கு நான் சிக்கனம் என்று நினைத்தேன்.

இரண்டாவது பிழை கம்பியில். அதைத் தெரிந்தே செய்தேன்.

இந்த வேலைக்கு வேறொருவரும் கொட்டேஷன் கொடுத்திருந்தார். அவர் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அதை என்னிடம் காட்டியே கேட்டார். "இவ்வளவு தடிமன் தேவைங்களா சார்?" தேவையில்லை என்றேன். எல்இடி கொஞ்சம்தான் இழுக்கும், 1.5 போதும் என்றேன். ஓமால் பெருக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் விலை ஏறும். விலை ஏறினால் வேலை போகும். வேலை எனக்குத்தான் வந்தது.

அந்தப் பெருக்கலை இப்போது உங்கள் முன்னால் செய்கிறேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 12 மில்லி ஓம். பத்து மீட்டருக்கு ஒரு கம்பம். போகவும் வரவும் இரண்டு கம்பி. பேட்டரியிலிருந்து முதல் கம்பம்வரை ஆறு விளக்கின் கரன்ட்டும் சேர்ந்து ஓடும், ஏறக்குறைய 2 ஆம்பியர். அடுத்த துண்டில் ஐந்து விளக்கின் கரன்ட். அப்படியே குறைந்து போகும். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கடைசிக் கம்பத்துக்குப் போவதற்குள் ஏறக்குறைய 1.6 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். நடு இரவில் பேட்டரி 12.2 வோல்ட்டில் நிற்கும். கடைசி விளக்குக்குக் கிடைப்பது 10.6. பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும்.

விளக்குகளைப் பகலில் மாட்டினேன். உச்சி வெயில். பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேட்டரி 14 வோல்ட்டைத் தொட்டிருக்கும். ஆறு விளக்கும் ஒரே மாதிரி எரிந்தன. ரைட்டர் கை கொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சேலத்துக்காரன். பட்டறையும் அங்கேதான். கோடையில் மேசைமேல் இரும்பைத் தொட்டால் சுடும் ஊர். மலைமேல் உள்ள ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். குளிரக் குளிர எல்இடி அதிக வோல்டேஜ் கேட்கும். ஒரு டிகிரிக்கு ஒரு எல்இடிக்கு இரண்டு மூன்று மில்லி வோல்ட். அற்பம் போலத் தெரியும். மூன்று எல்இடி, இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் என்று போட்டால் 0.2 வோல்ட் வந்துவிடும். எனக்கு மிச்சமே இல்லாத இடத்தில் அந்த 0.2உம் போயிற்று. மலைக்குச் செய்த பொருளை மலையில், இரவில், குளிரில் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் இரவில் அங்கே தங்க வேண்டும், அல்லது பனிமூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டும். அந்த இறக்கம் எனக்குப் பயம். பொழுது சாய்வதற்குள் சேலம் சேர்ந்துவிடுவதே என் வழக்கமாக இருந்தது.

பழம் பறிப்புத் தொடங்கிய பிறகு ரைட்டர் போன் செய்தார். கீழ்ப்பக்க விளக்குகள் மங்குகின்றன என்றார். பகலில் போய்ப் பார்த்தேன். நன்றாக எரிந்தன. திரும்பி வந்தேன். மறுபடி போன் வந்தது. குரலில் கோபம் தெரிந்தது. இந்தத் தடவை இரவில் போனேன்.

நான் தவறியது அந்த இரவில்தான். அதனால் அதை முழுதாகச் சொல்கிறேன்.

கடைசிக் கம்பத்தடியில் ஏணி போட்டு ஏறினேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து செல்போன் வெளிச்சம் பிடித்தார். அந்த மலையில் பரம்பரையாக வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். தோட்டத்தில் பழம் பறிப்பவர். பெயர் சொல்ல மாட்டேன். எல்இடி வயரைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தேன். 190 மில்லி ஆம்பியர். 333 வர வேண்டிய இடத்தில் 190.

அந்த அம்மா கீழேயிருந்து சொன்னார்: "பொழுது சாயறப்ப நல்லாத்தான் எரியுது சார். நடுச்சாமத்துக்கு மேலதான் சோந்துபோவுது. மேல இருக்கற ரெண்டு விளக்கு அப்படியேதான் எரியுது. கீழ வர வரத்தான் மங்கலு."

சர்க்யூட் படிக்காத ஒருவர் பழுதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. நேரம் போகப் போக மங்குகிறது என்றால் பேட்டரி இறங்குகிறது. கீழே வர வர மங்குகிறது என்றால் கம்பியில் வோல்டேஜ் விழுகிறது. இரண்டையும் அவர் தினமும் கண்ணால் பார்த்துச் சேர்த்துவைத்து என் கையில் கொடுத்தார். நான் சொன்ன பதில் இது: "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கம்மா. உள்ள ஐசி சமாச்சாரம்."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. வெளிச்சத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் என் கையில்தான் இருந்தது. சிவப்பு வயரை வேறு ஓட்டையில் செருகி, திருகை வோல்ட்டுக்குத் திருப்பி, விளக்கு எரியும்போதே அதற்குள் வரும் இரு வயரில் வைத்திருந்தால் 10.6 என்று காட்டியிருக்கும். டிரைவரில் கரன்ட் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மற்ற விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது, இந்த விளக்கின் வாசலில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது. சென்ஸ் ரெசிஸ்டரின் அளவு, காயில் தாங்குகிறதா, டிம் காலில் ஏதாவது வோல்டேஜ் சிக்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு நானே இதே வரிசையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஏன் அளக்கவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். குளிரில் கை விறைத்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பொய். 190 என்று பார்த்த அந்த நொடியிலேயே எனக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஞாபகம் வந்தது. ரைட்டர் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது. அளந்தால் குற்றம் கம்பிக்குப் போகும். கம்பி என்னுடையது. ஐசி இன்னொருவர் விற்றது. அதனால் ஐசியைக் குற்றவாளியாக்கினேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிவு செய்தேன்.

கடைசி இரண்டு விளக்குகளின் டிரைவர் போர்டைக் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்தேன். பெஞ்ச் சப்ளையில் 12 வோல்ட் கொடுத்தேன். 330 காட்டியது. போர்டில் பழுதில்லை என்பது அத்துடன் தெளிவாகிவிட்டது. நான் ஏற்கவில்லை. குளிரில்தான் ஐசி சொதப்புகிறது, டூப்ளிகேட் ஐசி என்று எனக்கு நானே ஒரு கதை கட்டினேன். சந்தையில் போலி ஐசி புழங்குவது உண்மைதான். அந்த உண்மையை என் பொய்க்கு மறைவாக வைத்துக்கொண்டேன்.

ஐசி வாங்கிய கடைக்குப் போனேன். முதலாளியிடம், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, டூப்ளிகேட் சரக்கு விற்கிறீர்கள் என்றேன். அந்தச் சரக்கைப் புது ஆளிடம் வாங்கிப் போட்டவன் கல்லாவுக்குப் பின்னால் நின்ற பையன். குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று கடைக்கு நல்லது நினைத்து வாங்கியிருக்கிறான். அவன் என்னிடம், "அண்ணா, அதே ரீல்ல வேற யாரும் கம்ப்ளைன்ட் சொல்லலண்ணா. இன்புட் ஒரு தடவ பாத்தீங்களா?" என்று கேட்டான். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். இருபது வயதுகூட இருக்காது. முகம் சிறுத்துப்போயிற்று. முதலாளி எனக்கு வேறு ரீலிலிருந்து ஐசி கொடுத்தார், காசு வாங்கவில்லை. அடுத்த தடவை போனபோது பையன் அங்கே இல்லை. கேட்டேன். "உங்க விஷயத்துக்கப்புறம் அனுப்பிட்டேன் சார்" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதுகூட வாய் திறக்கவில்லை.

புது ஐசி போட்டும் இரவில் மங்கத்தான் செய்யும் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். ஆறு போர்டிலும் சென்ஸ் ரெசிஸ்டருக்கு இணையாக இன்னொரு 0.3 ஓம் வைத்துச் சால்டர் செய்தேன். இப்போது 0.15 ஓம். வரம்பு 667 மில்லி ஆம்பியர். கரன்ட் குறைகிறதா, கூட்டிவிடு என்பதுதான் அதன் பின்னிருந்த புத்தி. மாலை ஆறரைக்கு ஸ்விட்ச் போட்டுப் பார்த்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. ரைட்டர், "இப்பத்தான் சார் விளக்கு" என்றார். பனி இறங்குவதற்குள் கிளம்பிவிட்டேன்.

பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த விளக்குகளுக்கு வோல்டேஜ் தாராளம். அவை இரு மடங்கு இழுத்தன. கம்பியில் ஓடும் கரன்ட் கூடியது. கரன்ட் கூடினால் விழும் வோல்டேஜும் கூடும். எந்த விளக்கைச் சரிசெய்யப் போனேனோ அந்தக் கடைசி விளக்கு நடு இரவில் முன்பைவிட மங்கியது. மேல் விளக்குகளில் 350க்கான எல்இடியில் அதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு ஓடியது. சின்ன அலுமினியத் தட்டு அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாமல் போயிற்று. முதல் கம்பத்தில் ஒரு எல்இடி செத்தது. மூன்றும் ஒரே வரிசை என்பதால் அந்த விளக்கு மொத்தமாக அணைந்தது. அடுத்து இரண்டாவது கம்பம். ஒரு இரவுக்குப் போதுமான பேட்டரி விடியுமுன் காலியாகத் தொடங்கியது. வோல்டேஜ் 11க்குக் கீழே போனதும் பேட்டரியைக் காப்பாற்ற சார்ஜ் கன்ட்ரோலர் லைனைத் துண்டித்துவிடும். பேட்டரி தப்பித்தது. பாதை இருண்டது.

களத்துக்குப் பக்கத்தில்தான் குழாய். பறிப்புக் காலத்தில் பெண்கள் விடியுமுன் இறங்கித் தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்த மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இருட்டில் அதன்மேல் மோதிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவர்கள் முதலாளியிடம் விளக்கு கேட்டார்கள். அந்தப் பாதையில் மங்கல் வெளிச்சம் இருந்தவரை கால் பார்த்து வைத்தார்கள். ஒரு நாள், நடந்துகொண்டிருக்கும்போதே மீதி விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்தன. எனக்கு வெளிச்சம் பிடித்த அந்த அம்மா குடத்தோடு படியில் இருந்தார். பனியில் நனைந்த கல். விழுந்தார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

காபிப் பழம் பறிப்பவருக்குப் பறித்த எடைக்குத்தான் கூலி. வருடத்தில் நாலு காசு சேர்வது அந்தச் சில மாதங்களில்தான். அவருக்கு அந்தப் பருவம் அப்படியே போயிற்று. இப்போது கட்டு இல்லை. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. பழத்தைக் கிளையிலிருந்து திருகித்தான் பறிக்க வேண்டும். அவரை நாற்றங்காலில் பையில் மண் நிரப்ப வைத்திருக்கிறார்கள்.

செய்தி கேட்டு மேலே போனேன். அன்று பயத்தைப் பார்க்கவில்லை, இரவு தங்கினேன். விடியுமுன் பாதையில் இறங்கி, எரிந்துகொண்டிருந்த விளக்குகளின் வாசலில் மீட்டரை வைத்தேன், வோல்ட்டில். நான்காவது கம்பத்தில் 10.3. ஐந்தாவதில் அதற்கும் கீழே. கடைசியில் இன்னும் கீழே. ஒவ்வொரு எண்ணும் நான் எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. எதிலும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்த ஆச்சரியமின்மைதான் எனக்கு எதிரான உறுதியான சாட்சி.

சரிசெய்வது சுலபமாக இருந்தது. கூடுதல் ரெசிஸ்டர்களைப் பிடுங்கினேன். செத்த எல்இடிகளை மாற்றினேன். 1.5 கம்பியை உருவிவிட்டு 4 சதுர மில்லிமீட்டர் போட்டேன், அந்த இன்னொருவர் எழுதியிருந்த அதே அளவு. கம்பியில் விழும் வோல்டேஜ் 1.6லிருந்து 0.6 ஆயிற்று. கடைசி விளக்கு நடு இரவிலும் 330 காட்டுகிறது. பழைய ஐசிகளையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பையன் வாங்கி வைத்த ரீலில் இருந்தவை. அவையும் 330 காட்டுகின்றன. அவற்றையே விட்டுவைத்திருக்கிறேன்.

கம்பிச் செலவு என்னுடையது. ஆனால் தோட்டத்து முதலாளியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. "எதிர்காலத்துக்கு நல்லதுன்னு தடிமனான கம்பி போட்டுட்டேங்க" என்றேன். இந்தக் காலத்தில் இப்படி யார் செய்கிறார்கள் என்று அவர் நெகிழ்ந்துபோனார். பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னார். அதனால் எனக்கு வேலைகள் வந்தன. அந்த வேலைகளில் கிடைத்த பணத்தை நான் செலவு செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் எழும், உடனே பெயர் கெட்டுவிடும் என்று அடங்கிப் போகும். அந்த அம்மாவின் வீட்டுக்குப் பணம் கொண்டுபோனேன். ஏன் என்று கேட்டார். தெரிந்தவர் என்ற முறையில் என்றேன். அவரிடம்கூட உண்மையைச் சொல்லாமல் பணத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

கடை முதலாளியிடம் மட்டும் போன மாதம் நேரில் சொன்னேன். ஐசியில் குறையில்லை, குறை என் கம்பியில், பையன் கேட்ட கேள்விதான் சரி என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். பையன் திருப்பூருக்குப் போய்விட்டான், எந்தக் கம்பெனி என்று தெரியாது என்றார். பழைய போன் எண் கொடுத்தார். அதில் யாரோ வேறு ஆள் பேசுகிறார். அவனோடு படித்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த எழுத்து அச்சாவதற்கு முன் ஒரு நகல் தோட்டத்து முதலாளிக்குப் போகும். பழைய கொட்டேஷன்கள் இரண்டையும், என்னுடையதையும் அந்த இன்னொருவருடையதையும், அதோடு இணைத்திருக்கிறேன். கம்பியின் அளவு உள்ள வரியில் கோடு போட்டிருக்கிறேன். இன்னொரு நகலை ரைட்டரிடம் கொடுத்து, அந்த அம்மாவுக்குப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பருவத்தில் அவர் எத்தனை கிலோ பறித்திருப்பார் என்பதை அதற்கு முந்தைய வருடத்துக் கணக்குப் புத்தகத்தில் பார்த்து எழுதி அனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன். அந்த எடைக்கு வரும் கூலியை, என்ன காரணத்துக்காக என்று எழுதி, நான் கட்டுவேன்.